அபிஷேகப் பாலுக்குப் பக்கத்தில்

திருக்கழுக்குன்றத்தில் கீழ்வீட்டு ரெஜினாவின் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனதால், அவளுடைய இன்சுலின் மாடிவீட்டுப் பர்வதத்தின் ஃப்ரிட்ஜில் இருந்தது. அபிஷேகப் பாலுக்குப் பக்கத்தில் அது இருப்பது பர்வதத்துக்குப் பிடிக்கவில்லை. காலையில் எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டாள்.

மாலையில் வேலை முடிந்து வந்த மகள் மேக்னா பதறினாள். “நாள் பூரா வெயில்ல கிடந்திருக்கேம்மா! இனிமே இதைப் போட்டுக்க முடியாது.”

“பன்னியிலேர்ந்து எடுக்கற மருந்தாச்சேடி?”

“அது அந்தக் காலம். இப்போ மனுஷ ஜீனை பாக்டீரியாவுக்குள்ள வெச்சு, தொட்டியில வளர்த்து எடுக்கறோம். என் கம்பெனியில வேற என்ன பண்றோம்னு நெனச்சே?”

மருந்தெடுக்க வந்த ரெஜினா வாசலிலேயே நின்றுவிட்டாள். “வுடு மேக்னா. மாமி தெரியாம வச்சிட்டாங்க.”

பர்வதம் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஆனால் மலைமேல் இருக்கும் வேதகிரீஸ்வரருக்கு உண்மை தெரியும்.

“தெரியாம இல்லை ரெஜினா. அருவருப்புல எடுத்து வெச்சேன். உன்னோடதுங்கறதும் ஒரு காரணம்.” பர்வதத்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ரெஜினா படியிறங்கத் திரும்பினாள். பிறகு சொன்னாள்: “செருப்ப மாட்டிக்கினு வாங்க மாமி. மெடிக்கல் மூடறதுக்குள்ள புதுசு வாங்கினு வந்துரலாம். தெருவுல நாயா கீது, தனியாப் போவ பேஜாரு.”