மாட்டாத வார்

டெல்பர்ட்டுக்கு அந்த வறண்ட ஏரிக்குப் போக மனசே இல்லை. ஆனால் இந்தப் பிறந்தநாளை அங்கேதான் கொண்டாடுவேன் என்று மகள் கார்லி ஒற்றைக் காலில் நின்றாள். அவளுடைய அம்மா நடீன் வருவாள். டெல்பர்ட்டை விட்டுப் பிரிந்தபின் நடீன் கட்டிக்கொண்ட ஹாலிஸும் வருவார். வருஷா வருஷம் வசந்தத்தில் நெவாடா எல்லையில் இருக்கும் அந்த ஏரித்தரையில் கூடாரம் போட்டு, பெரிய பட்டம் இழுக்க ஓடும் மூன்று சக்கரப் பட்டவண்டி ஓட்டுகிற கூட்டாளிகளோடு ஒரு வாரம் கிடந்து பந்தயம் விடுபவர் ஹாலிஸ். மற்ற நாளெல்லாம் பார்ஸ்டோவில் முடிவெட்டும் கடை. கார்லிக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிவிட்டது. போனில் பேசினாலே "நானும் ஹாலிஸும்" என்றுதான் ஆரம்பிப்பாள். அது டெல்பர்ட்டுக்கு உள்ளே குத்தும்.

அதனால்தான் அங்கே போய் இறங்கியதும் வாய் முந்திக்கொண்டது. பதினெட்டுச் சக்கர லாரியை மலைப்பாதையில் இறக்கியவனுக்கு இந்த மூன்று சக்கரம் எம்மாத்திரம் என்று கேட்டுவிட்டார். கூடாரத்துக்காரர்கள் சிரித்தார்கள். ஹாலிஸும் சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை.

காலையில் காற்று சாதுவாக இருந்தது. ஹாலிஸ் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். தரையோடு தரையாக இருக்கும் இருக்கையில் சாய்ந்து உட்கார வேண்டும். முன்சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும். இரண்டு கைப்பிடிகளால் பட்டத்தை ஆட்டிவைக்க வேண்டும். டெல்பர்ட்டின் காலும் கையும் ஒன்றையொன்று மதிக்கவில்லை. இடது பக்கம் திருப்பினால் பட்டம் வலது பக்கம் போய்த் தரையில் மூக்கைக் குத்தியது. கடைசியில் ஒருவழியாகக் கொஞ்ச தூரம் நேராக ஓடினார். கார்லி கை தட்டினாள்.

மதியம் காற்று வலுத்தது. ஹாலிஸ் பட்டத்தின் நூலில் கொக்கியால் கோத்த இரண்டு வார்களை எடுத்து டெல்பர்ட்டின் மணிக்கட்டுகளில் மாட்டினார்.

"பயந்துட்டா கைப்பிடிய விட்டுடுங்க. இந்த வார் பிடிச்சு இழுத்து பட்டத்த அடக்கிடும். இது இல்லன்னா அது பாட்டுக்குப் பிச்சுக்கிட்டுப் போயிடும்."

வார்கள் ரோஸ் நிறத்தில் இருந்தன. நிழல்துணிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடீன், "டெல்பர்ட், வளையல் நல்லாத்தான் இருக்கு உனக்கு" என்றாள். பழைய பழக்கத்தில் விழுந்த பேச்சு. அவள் அதை அப்போதே மறந்திருப்பாள். டெல்பர்ட்டுக்கு முகம் சூடானது. பட்டத்தை விரித்துப் பிடிக்க ஹாலிஸ் அந்தப் பக்கம் நடந்ததும், இரண்டையும் கொக்கியிலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தூரத்திலிருந்து ஹாலிஸ், வார் சரியாக இருக்கிறதா என்று கத்திக் கேட்டார்.

"இருக்கு, இருக்கு" என்றார் டெல்பர்ட்.

பட்டம் எழுந்ததும் வண்டி பாய்ந்தது. முதலில் ஆனந்தமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காற்று வந்து மோதியது. ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. டெல்பர்ட் அலறிக்கொண்டு கைப்பிடிகளை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். பட்டம் அடங்கவில்லை. நூல்களையும் கைப்பிடிகளையும் இழுத்துக்கொண்டு கூடார வரிசையை நோக்கிப் புரண்டு போனது. அங்கே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹாலிஸ் குறுக்கே ஓடி நூலைப் பிடித்தார். மாஞ்சா தடவாத நூல்தான். ஆனால் அந்த இழுப்பில் கத்தியாகிவிடும். நாலைந்து பேர் பட்டத்தின்மேல் விழுந்து அதை அமுக்கியபோது ஹாலிஸின் வலது உள்ளங்கை பிளந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

கார்லி ஓடிவந்தாள். "அப்பாவுக்கு இதெல்லாம் புதுசுன்னு தெரியும்ல ஹாலிஸ்? நீங்கதான வாரப் பார்த்து மாட்டியிருக்கணும்?"

"ஆமா, நான்தான் மாட்டுனேன்" என்றார் ஹாலிஸ், முகம் வெளுத்துப்போய். "எங்க தப்பு விட்டேன்னு தெரியல."

டெல்பர்ட் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

நடீன் ஹாலிஸை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கார்லி அப்பாவோடு தங்கிவிட்டாள். அவருடைய முழங்கைச் சிராய்ப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவி மருந்து தடவினாள். கேக்கை வெட்டிப் பெரிய துண்டாக அவருக்குக் கொடுத்தாள். உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனதே போதும் என்று தோளில் சாய்ந்துகொண்டாள். எத்தனையோ வருஷமாக அவர் ஏங்கிய சாய்வு அது. அவர் கேக்கைத் தொடாமல் தட்டைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் ஹாலிஸ் கை முழுக்கக் கட்டோடு திரும்பினார். நாளைய பந்தயம் அவருக்கு இல்லை. கடையில் கத்தரிக்கோலை எப்போது பிடிக்க முடியும் என்றும் டாக்டர் சொல்லவில்லையாம். இனி யாருக்கும் கற்றுத்தரப் போவதில்லை, இன்றைக்கு ஒரு குழந்தைமேல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மெல்லிய குரலில் சொன்னார்.

டெல்பர்ட் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி சொல்லிவிட முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"நீங்க ஒழுங்காத்தான் மாட்டுனீங்க. நான்தான் கழட்டிட்டேன். நீங்க கேட்டப்போ இருக்குன்னு பொய் சொன்னேன்."

ஹாலிஸ் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "வழி பூரா எந்த முடிச்ச விட்டேன்னு யோசிச்சு யோசிச்சு மண்ட வெடிச்சுப்போச்சு" என்றார். "ஒரு வார்த்த அப்பவே சொல்லியிருக்கலாமே." எழுந்து கூடாரத்துக்குள் போய்விட்டார்.

ஏன் கழற்றினாய் என்று நடீன் கேட்டாள். டெல்பர்ட் அந்த வளையல் பேச்சைச் சொல்லவில்லை; அந்தப் பழியை அவள்மேல் போட அவருக்கு வாய் வரவில்லை. கார்லி மட்டும் மெதுவாக, "அவரத் திட்டினேனே அப்பா, நீங்க பக்கத்துலயே நின்னுட்டு இருந்தீங்களே" என்றாள். அதோடு சரி. தோளில் சாய்ந்தவள் எதிர்ப்பக்க நாற்காலிக்கு மாறி உட்கார்ந்துகொண்டாள்.

விடிந்ததும் டெல்பர்ட் கிளம்ப மூட்டை கட்டினார். ஹாலிஸ் வந்து வழியில் நின்றார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"எங்க போறீங்க? எனக்குப் பதிலா கார்லி ஓட்டப்போறா. ஒத்தக் கையால நான் எதப் பிடிக்கிறது? வந்து பட்டத்தத் தூக்குங்க."

டெல்பர்ட் போனார். காலை முழுக்க ஹாலிஸ் சொன்ன இடத்தில் நின்று, சொன்னபடி பட்டத்தைப் பிடித்துக் கொடுத்தார். கார்லி கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள். இறங்கி வந்தவள் ஹாலிஸிடம் பேசினாள். பிறகு அப்பாவைப் பார்த்து, தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். கொடுத்தார்.

மதியம் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். நடீன் ஹாலிஸின் தட்டில் இருந்த இறைச்சியைச் சிறுசிறு துண்டாக வெட்டிக் கொடுத்தாள். ஹாலிஸ் இடது கையில் முள்கரண்டியைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தார். டெல்பர்ட் குனிந்த தலை நிமிராமல் தன் தட்டையே பார்த்துச் சாப்பிட்டு முடித்தார்.