ஏரியில் வளர்ந்த கனிமம்

2003 ஜனவரியில், ஆனேக்கல் பக்கத்துச் செயற்கைக்கோள் படத்தில் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்ததும் கனிம ஆய்வில் தற்காலிக வேலையிலிருந்த பரஞ்சோதிக்குப் போன உயிர் திரும்பிவந்தது. பூமிக்கடியில் வெந்நீர் பட்டு மாறிய களிமண் அப்படித்தான் தெரியும். அடியில் தங்கம்கூட இருக்கலாம். எதுவும் அகப்படாவிட்டால் மார்ச்சோடு ஆய்வை மூடிவிடுவார்கள், அவன் வேலையும் போய்விடும்.

அதிகாரி சுந்தரேசனோடு ஜீப்பில் போய் இறங்கினான். வற்றிய ஏரி. சேற்றில் தும்பிக்கைகளும் மோதகங்களும் கிடந்தன. ஊர் ஊராகக் கொண்டுவந்து கரைத்த களிமண் பிள்ளையார்கள்.

"சார், இது சதுர்த்தி மண்ணு. போன வருஷப் படத்துல இதுல பாதிகூட இல்ல," என்றான் பரஞ்சோதி.

"அப்போ வளருதா?"

"வருஷா வருஷம் சார்."

"சும்னிருப்பா!" என்று கன்னடத்தில் அவனைச் சும்மா இருக்கச் சொன்னார் சுந்தரேசன். "வளர்ற கனிமம் உலகத்துல வேற எவன்கிட்ட இருக்கு? வருஷா வருஷம் அளக்கணும்னு எழுது."

வேலை நிரந்தரமானது. இப்போதெல்லாம் சதுர்த்திக்குப் பரஞ்சோதி இரண்டு பிள்ளையார் வாங்குகிறான். ஒன்று வீட்டுக்கு, ஒன்று ஆராய்ச்சிக்கு.