புகையில்லாத கப்பலுக்கு ஒரு மூக்கு

என் கணவர் பஞ்சாட்சரம் கப்பலில் சீஃப் எஞ்சினியர். இருபத்தாறு வருஷமாகக் கறுப்பு எண்ணெயை எரித்துக் கடலெல்லாம் புகை விட்டவர். மேற்கு மாம்பலம் வீட்டில் நான் ஒரு கொசுவத்தி ஏற்றினால் மட்டும் காற்று கெட்டுவிடுகிறது என்பார்.

இப்போது அந்தப் புகைக்கு முடிவு கட்டப் போகிறார்களாம். அவருடைய கம்பெனி அமோனியாவில் ஓடும் கப்பல் ஒன்றைக் கட்டியிருக்கிறது. கரிப்புகையே வராது. ஆனால் எண்ணெய்க்கு ஒரு டாங்க் என்றால் இதற்கு மூன்று வேண்டும். கசிந்தால் ஆளையே கொன்றுவிடும். பஸ் ஸ்டாண்டுச் சுவரோரம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறோமே, ஏறக்குறைய அந்த நெடிதான். உலகத்தைக் காப்பாற்றப் போவது அதுதான் என்றால் நான் யார் வேண்டாம் என்பதற்கு?

அந்தக் கப்பலுக்கு ஒரே ஒரு சீஃப் வேண்டும். இவருக்கு ஐம்பத்திரண்டு வயது. "இது கிடைச்சா ரிட்டயர் ஆகற வரைக்கும் கவலையில்ல சுலோச்சனா. பழைய கப்பலையெல்லாம் ஒவ்வொண்ணா உடைக்க அனுப்பறாங்க" என்று சொல்லிக்கொண்டு, நந்தனம் ஆபீசில் நடந்த பயிற்சிக்குத் தினமும் போய்வந்தார்.

ஏழாம் நாள் மாலை வந்ததும் நேரே சமையலறை ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். முகமெல்லாம் பல். உற்சாகம் வந்துவிட்டால் பிறந்து வளர்ந்த சைதாப்பேட்டை அவர் பேச்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டே அவர் சொல்வதைக் கேட்டேன்.

"இன்னிக்கு இன்னா நடந்துச்சு தெரியுமா? கிளாஸ் எடுத்து ஆளையும் செலக்ட் பண்ற மஹ்விஷ் மேடம், நெடி பழகணும்னு ஒரு சின்ன பாட்டிலைத் தொறந்தாங்க. மத்த பதினோரு பேரும் கர்சீப்பை மூஞ்சில வெச்சிக்கினு வெளிய ஓடறானுங்க. நான் மட்டும் உக்காந்து நோட்ஸ் எழுதிக்கினு கீறேன். கண்ணு லேசா எரிஞ்சுது, ஏசின்னு வுட்டுட்டேன். மேடம் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க, இந்த நிதானம்தான் வேணும், சார்தான் சீஃப்னு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கருகல் நெடி மூக்கில் ஏறியது. ஐயோ, அடுப்பில் பால்! உள்ளே ஓடினேன். பால் வற்றி, பாத்திரத்தின் அடி கரியாகிக் கிடந்தது. அதற்கு இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, இவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுப்பை அணைத்தேன். "கண்ணை மூடுங்க" என்றேன். ஒரு மூடியைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினேன். "இது என்ன?"

நன்றாக இழுத்தார். "பெருங்காயம். ஆஹா, கட்டிப் பெருங்காயம்!"

"பினாயில்."

கண்ணைத் திறந்தார். சிரிப்பு போய்விட்டது.

"நாக்கு தப்பிச்சுது, மூக்கு கோவிட்ல போச்சு. திரும்பி வரவேயில்லை. வருஷா வருஷம் மெடிக்கல்ல கண்ணைப் பாக்கறாங்க, காதைப் பாக்கறாங்க. மூக்கை யாரும் கேக்கலை."

"ரசம் வாசனை தெருமுனை வரைக்கும் வருதுன்னு அஞ்சு வருஷமாச் சொன்னீங்களே!"

"காலைலேர்ந்து நின்னு சமைச்சுட்டு என் மூஞ்சியையே பாக்கற. வேற இன்னா சொல்லச் சொல்ற?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பினாயில் பாட்டிலை டங்கென்று வைத்தேன். "மேடம்கிட்டப் போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா கப்பல் போயிடும். அங்க மூலைக்கு மூலை கருவி இருக்கு, கசிஞ்சா அதுவே கத்தும்."

"அந்தக் கருவி கெட்டுப்போனா? நீங்க நோட்ஸ் எழுதிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. உங்களுக்குக் கீழே இருபத்திரண்டு பேர். அவங்க வீட்லயும் ஒருத்தி ரசம் வெச்சுட்டுக் காத்துக்கிட்டிருப்பா."

ராத்திரி அவர் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டார். மஹ்விஷ் அப்போதே பன்னிரண்டு பேருக்கும் மூக்குப் பரிசோதனை வைத்தாராம். இன்னும் இரண்டு பேருக்கு வாசனையே தெரியவில்லை. "நேத்து ஓடினீங்களே?" என்று கேட்டதற்கு, "எல்லாரும் ஓடினாங்க, நாங்களும் ஓடினோம்" என்றார்களாம். இவருக்கு உட்கார்ந்திருக்கத் தெரிந்தது, அவர்களுக்கு ஓடத் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மஹ்விஷ் இவர் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறார். கப்பலை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்.

இவருக்குக் கிடைத்தது எண்ணெயில் ஓடும் பதினெட்டு வயதுக் கப்பல். அதில் கசிந்தால் காலிலேயே ஒட்டும், மூக்குத் தேவையில்லை. அதையும் எத்தனை நாளைக்கு ஓட்டுவார்களோ.

இதையெல்லாம் மதியம் இலைமுன் உட்கார்ந்து சொல்லி முடித்தார். நான் ரசம் ஊற்றினேன். பழைய பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது: "எப்படி இருக்கு?"

ஒரு வாய் சாப்பிட்டார். யோசித்தார்.

"புளி தூக்கல்."

"எப்பலேர்ந்து?"

"அஞ்சு வருஷமா."

கரண்டியை ஓங்கியே விட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வாயை எடுத்தார். கப்பலை இழந்துவிட்டு வந்த மனிதர். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்பப் பெருங்காயம் வாசனை வருது" என்றேன். "அதுக்குப் பின்னாடியே கறிவேப்பிலை. கடைசியா நெய்."

"நிறுத்தாதே, சொல்லு" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.