திரை நிறைய ஒரு சுண்டு விரல்

வில்லும் அம்பும் வருகிற படத்துக்கு நாங்கள் போனால், எங்களுக்குப் பக்கத்தில் சீட்டுக் கிடைத்தவர்கள் பாவம். ஒரு வரிசையையே மொத்தமாகப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். கதை பார்க்க இல்லை, குறை பார்க்க. ஆளுக்கொரு பொறுப்பு உண்டு. பஸ் ஓட்டுகிற அண்ணன் நாணைப் பார்ப்பார். கணக்கு வாத்தியார் அம்புகளை எண்ணுவார். மயக்க டாக்டர் விரல்களைப் பார்ப்பார். எனக்கு முழங்கை. திரையில் தப்பு வந்தால் கண்டுபிடித்தவர் நாக்கைத் தட்டி 'ச்சு' என்பார், உடனே வரிசை முழுக்க 'ச்சு' என்று போகும். முன்வரிசைக்காரர்கள் தியேட்டரில் பல்லி அதிகம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மற்றபடி நாங்கள் சாதுவான ஆட்கள். டயர் கிடங்காக இருந்த ஒரு நீளக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, சனி ஞாயிறுகளில் அம்பு விடுகிறோம். ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை. நான் கண்ணாடிக் கடையில் பிரேம் வளைக்கிறவள். ஊருக்கே பார்வை சரிசெய்து அனுப்புகிறேன், என் அம்பு மட்டும் பலகையைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரும். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. என்னை அங்கே இழுத்துவந்தவள் என் தங்கை.

அவள் பல் கட்டும் கூடத்தில் வேலை செய்கிறாள். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்கு ஏற்றபடி பல் செய்து தருவது அவள் வேலை. அதனால் எங்கள் கூடத்தில் அவள் பெயர் பல்லு. எங்களில் யாரும் அவளைப்போல அம்பு விடுவதில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. நாணை இழுப்பது மூன்று விரல், மீதி இரண்டும் மடங்கி அடங்கியிருக்க வேண்டும். இவளுடைய சுண்டு விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும், யாரோ கொடுத்த டீயைக் கௌரவமாகக் குடிக்கிற மாதிரி.

அது மயக்க டாக்டருக்கு ஆகாது. ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு முன்னால் ஆட்களைத் தூங்கவைப்பது அவர் தொழில். எங்கள் கூடத்தில் ஒருவரையும் கண்ணயர விடமாட்டார். வில்வித்தைப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர், நிற்பதும் இழுப்பதும் விடுவதும் படம் வரைந்த மாதிரி இருக்கும். பல்லுவுக்கு அடுத்த இடத்தில்தான் அவர் நிற்பது. ஐந்து வருஷமாக வாரம் தவறாமல், "ஏய் பல்லு, சுண்டு விரல்" என்ற குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஐந்து வருஷமாகப் பல்லுதான் ஜெயித்துக்கொண்டும் இருக்கிறாள். இரண்டும் இரண்டு பேருக்கும் பழகிப்போயிருந்தது.

போன மாதப் போட்டியில்தான் வினை வந்தது. பல்லு முதலிடம், டாக்டர் இரண்டாமிடம். கைகுலுக்கும்போது டாக்டர் சொல்லிவிட்டார்: "அந்த விரல் அப்படி நிக்கிற வரைக்கும் இது வில்வித்தை இல்ல பல்லு, அதிர்ஷ்டம்." தோற்ற எரிச்சலில் வந்த வார்த்தை என்று எனக்குப் புரிந்தது. என் தங்கைக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து அவள் சிரிப்பு பாதியாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் அந்தப் பிரம்மாண்டப் படம் வந்தது. காந்தத் தூசு நிறைந்த ஒரு கிரகம். அங்கே துப்பாக்கி வெடிக்காது, எந்திரம் ஓடாது. கதாநாயகி வில்லெடுத்து எல்லோரையும் காப்பாற்றுகிறாள். ஊரில் சுவர் பாக்கியில்லாமல் போஸ்டர். அதில் அம்பு வில்லுக்குத் தப்பான பக்கத்தில் இருந்தது. அந்தப் போஸ்டர் தன் பஸ்ஸின் விலாவிலேயே ஒட்டியிருந்ததைப் பஸ் அண்ணன் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்.

"நாள் பூரா அத சுமந்துக்கிட்டு ஊர் சுத்துறேன். மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்?" என்றார். சனிக்கிழமை மதியக் காட்சிக்கு ஒரு வரிசை எடுத்தாகிவிட்டது.

படம் வெளியான வெள்ளிக்கிழமை மாலை, பல்லு என் வீட்டுக்கு வந்தாள். சமையலறைத் தொட்டியில் நகத்திலிருந்த பிளாஸ்டரைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அக்கா, நாளைக்குப் பாக்கப் போற படத்துல கிட்டத்துல காட்டுற கை என்னோடது."

"என்னது?"

"ஹீரோயின் வில்ல இழுக்கும்போது கைய மட்டும் பெருசா காட்டுவாங்க. அது நான். போன வருஷம் பல் செட் பயிற்சின்னு சொல்லிட்டுப் போனேன்ல, அது இதுக்குத்தான். படம் வர்ற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டிப்பிடித்தேன், திட்டினேன், ஒரு வருஷம் என்னிடமே மறைத்தாயா என்று முதுகில் ஒன்று வைத்தேன். உடனே போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கும் சொல்லாதக்கா. நம்ம ஆளுங்க தெரியாம என்ன சொல்றாங்கன்னு பாக்கணும். நம்ம பல்லுதானேன்னு பாத்துச் சொல்லக் கூடாது. அந்தக் கைக்கும் வரிசையா 'ச்சு' கொட்டினாங்கன்னா, டாக்டர் சொன்னது சரின்னு அர்த்தம். வில்லப் பரண்ல போட்டுடுவேன்."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வேலையில் எட்டு மணி நேரம் அடுத்தவர் பல்லைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, அந்த டயர் வாசனைக் கூடம்தான் உலகம். அது எனக்குத் தெரியும். அதை அவள் பரணில் போட்டால் கூடவே பாதி உயிரையும் போட்டுவிடுவாள். எங்கள் வரிசையைப் பற்றியும் எனக்குத் தெரியும். கடவுளே வந்து வில்லை இழுத்தாலும் முழங்கை தாழ்ந்திருக்கிறது என்பார்கள். முதல் ஆளாக நான்தான் சொல்வேன்.

இரவு முழுக்கப் புரண்டு படுத்ததில் ஒரு யோசனை வந்தது. மிட்டாய். வாயில் போட்டால் மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒட்டிக்கொள்கிற ஒரு முரட்டு மிட்டாய் உண்டு. அதைத் தின்று பல் பிடுங்கிக்கொண்டவர்களால்தான் தன் கூடத்தில் பாதி வேலை நடக்கிறது என்று பல்லுவே சொல்லியிருக்கிறாள். நாக்கு ஒட்டிக்கொண்டால் எப்படி 'ச்சு' கொட்டுவார்கள்? காலையில் ஒரு பெரிய பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மதியக் காட்சி. அந்தக் கை இடைவேளைக்குப் பிறகு, விண்கப்பலில் விளக்கெல்லாம் அணைந்ததும் வரும் என்று பல்லு சொல்லியிருந்தாள். முதல் பாதியில் எங்கள் ஆட்கள் வெளுத்து வாங்கினார்கள். ஒரு சிப்பாய் முழங்கையைத் தொங்கவிட்டான், ச்சு. இன்னொருவன் நாணைக் காதுக்குப் பின்னால் வரை இழுத்தான், ச்சு. ஒரு முட்டாள் அம்பே வைக்காமல் வெறும் நாணை இழுத்து விட்டான். அப்படி விட்டால் வில்லே பிளந்துபோகும். எங்கள் வரிசை மொத்தமும் அடிவயிற்றிலிருந்து முனகியது. பஸ் அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் அமைதியா பாருங்க சார், யாரும் சாகல," என்றார் முன்னால் இருந்தவர்.

"வில்லு செத்துப் போச்சுங்க," என்றார் பஸ் அண்ணன். குரல் உண்மையிலேயே கம்மியிருந்தது.

இடைவேளையில் கணக்கு வாத்தியார் கொதித்துக்கொண்டிருந்தார். "ஹீரோயின் நாலு அம்புதான் வெச்சிருந்தா. ஏழு விட்டுட்டா. மூணு எங்கிருந்து வந்துச்சு?" இரண்டு சூரியன், பேசுகிற பாறை, செவுள் வைத்த மனிதர்கள் எல்லாவற்றையும் அவர் கேள்வி கேட்காமல் ஒத்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று அம்புகள்தான் அவருக்கு இறங்கவில்லை. மயக்க டாக்டரோ வேறு எரிச்சலில் இருந்தார். "அந்த ஹீரோயினப் பாத்தா ஏதோ எரிச்சலா வருது. தூரத்துலேயே காட்டுறான், என்னன்னு சொல்லத் தெரியல," என்றார். என் தங்கை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு அணைந்ததும் பொட்டலத்தைப் பிரித்தேன். வரிசையில் கைமாற்றினேன். "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க, இன்னொண்ணு எடுத்துக்கங்க." வாத்தியார் இரண்டு போட்டுக்கொண்டார். பஸ் அண்ணன் மூன்று. ஒவ்வொரு தாடையாகப் பூட்டிக்கொண்டு வந்தது. பொட்டலம் கடைசியில் டாக்டரிடம் போனது. அவர் அதை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு வேண்டாம்க்கா. என் கடவாய்ப் பல் நம்ம பல்லு கட்டிக் குடுத்தது. அவ்வளவு நல்ல வேலைய இந்த மிட்டாய்க்குப் பறிகொடுக்க மாட்டேன்."

யாருக்காகப் பொட்டலம் வாங்கினேனோ அவர் வாய் ஒன்றுதான் ஒட்டாமல் இருந்தது. திரையில் கப்பலின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பல்லு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடி இரும்பாக இருந்தது.

இருட்டில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. ஒரு கை மேலே வந்தது. சுவர் உயரத்துக்கு ஒரு கை. மூன்று விரல்கள் நாணைப் பற்றின. நாண் மெதுவாக, அவசரமில்லாமல், பின்னால் வந்தது. தோள் அசையவில்லை. கை தாடையின் ஓரத்தில் வந்து ஒட்டி நின்றது. தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. அவ்வளவு பெரிய திரையில், ஆள் உயரத்துக்கும் மேலே, அந்தச் சுண்டு விரல் ஒய்யாரமாக நீட்டிக்கொண்டு நின்றது.

மயக்க டாக்டர் சீட்டை விட்டு எழுந்துவிட்டார். "ஏய் பல்லு, சுண்டு விரல்," என்று சனிக்கிழமைக் குரலில் ஒரு அதட்டல் போட்டார்.

நாணிலிருந்து அம்பு போனது. தியேட்டரில் பாதிப் பேர் அதைப் பார்க்கவில்லை, டாக்டரைத்தான் பார்த்தார்கள். அவர் நின்ற இடத்திலேயே உறைந்து நின்றார். திரையைப் பார்த்தார். மெல்லத் திரும்பி, வரிசையின் கோடியில் இருந்த என் தங்கையைப் பார்த்தார். வாயில் தானாக வந்த வார்த்தையை மூளை அப்போதுதான் எட்டிப்பிடித்தது.

"அது உன் கை," என்றார்.

பல்லு தலையாட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான். எங்கள் வரிசை எழுந்து நின்று ஆரவாரம் செய்ய முயன்றது. மிட்டாய் விடவில்லை. "ம்ம்ம்" என்றும் "ங்ங்ங்" என்றும் சத்தம் வந்தது. வாத்தியார் கண்ணீர் வழிய இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். பஸ் அண்ணன் தட்டிய கைதட்டலை முன்வரிசையும் தொற்றிக்கொண்டு, காரணம் தெரியாமலே தியேட்டர் முழுக்கத் தட்டியது. முன்பு அமைதியாகப் பார்க்கச் சொன்னவர் திரும்பி, "யாரு கை, யாரு கை?" என்று கேட்டுக்கொண்டே தட்டினார்.

படம் முடிந்தும் நாங்கள் வெளியே போகவில்லை. பெயர்கள் ஓடி, தரை கூட்டுகிறவர் வந்து, கடைசியில் எறும்பு எழுத்தில் அவள் பெயர் வந்தது. மயக்க டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த விரல மடக்கச் சொல்லலயா அவங்க?"

"சொன்னாங்க டாக்டர். முடியலன்னேன். அதனால ஹீரோயினுக்கும் விரலத் தூக்கி வெக்கக் கத்துக் குடுத்தாங்க, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு."

"அதான் முதல்லேர்ந்தே எனக்கு அவளப் பாத்தா எரிச்சலா வந்திருக்கு." டாக்டர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "எத்தன தடவ விட வெச்சாங்க?"

"ஒரு நாள் பூரா. எதிர்ல கேமரா இருந்துச்சு, அதுக்குப் பக்கத்துல கைப்பிடி அளவு இடம். அங்க விடணும். படத்துல வர்ற ஒளி அம்பெல்லாம் பின்னாடி கம்ப்யூட்டர்ல வரைஞ்சாங்க, நான் நிஜ அம்பு இல்லாம விட மாட்டேன்னுட்டேன்."

"எத்தன குறி தப்புச்சு?"

"ஒண்ணும் தப்பல."

டாக்டர் அவள் வலது கையை எடுத்து, அந்தச் சுண்டு விரலை ஒரு தடவை மடக்கிப் பார்த்தார். விட்டதும் அது தானாக நீட்டிக்கொண்டது.

"அப்போ அது அதிர்ஷ்டம் இல்ல," என்றார். "நான் சொன்னது தப்பு பல்லு. தோத்த கோவத்துல சொல்லிட்டேன்."

அடுத்த சனிக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. படம் பார்த்துவிட்டு வில் பழக வந்தவர்கள் வாசல் வரை நின்றார்கள். எல்லோரும் வில்லைப் பிடித்தார்கள், எல்லோருடைய சுண்டு விரலும் வானத்தைப் பார்த்தது. டாக்டர் முதல் ஆளிடம், "விரல மடக்குங்க," என்றார். "படத்துல இப்படித்தானேங்க இருந்துச்சு?" என்றார் அந்த ஆள். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார். அங்கேயும் அதே பதில். பல்லு அடக்க மாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தாள், முழுச் சிரிப்பு.

புதியவர்கள் போனபிறகு நாங்கள் மட்டும் இருந்தோம். டாக்டர் தன் இடத்தில் போய் நின்றார். நாணைப் பற்றினார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சுண்டு விரலை மெதுவாக நீட்டினார். நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்பு போய், பலகையைத் தொடாமல், என் அம்புகள் வழக்கமாகப் போகிற சுவரில் மோதி விழுந்தது.

வரிசையாக, ஒரே மூச்சில், எல்லோரும் 'ச்சு' கொட்டினோம்.

டாக்டர் திரும்பினார். காது வரை சிவந்திருந்தது. எங்களை விட்டுவிட்டு பல்லுவை மட்டும் பார்த்தார்.

"எனக்கு வரல. உனக்கு எப்படி வருது?"

என் தங்கை வில்லைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். "கையக் குடுங்க டாக்டர்," என்றாள்.