தெருவே கேட்ட பயிற்சி

ஞாயிறு மதியம் பெனிக்னோவின் மளிகைக்கடை ஒலிபெருக்கிக்குப் பாட்டு அனுப்புவது பாஸ்குவாலின் கைபேசிதான். யாரும் நியமித்த பதவியில்லை, அவராக எடுத்துக்கொண்டது. அன்றைக்கு டொமினோ ஆட்டத்தின் நடுவே, "இதோ வந்துட்றேன்" என்று எழுந்து, கடையை ஒட்டிய தன் வீட்டுக்குள் நுழைந்து, குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டார். தாழ்ப்பாளைப் போட்ட மனுஷர் புளூடூத்தை அணைக்கவில்லை.

ரகசியமாகப் பார்த்துவந்த பயிற்சி வீடியோ ஓடியது, கைபேசியில் சத்தம் வரவில்லை. ஐம்பத்து நாலு வயசில் காதும் போச்சா என்று நொந்துகொண்டு ஒலியைக் கூட்டினார். முழுசாகக் கூட்டினார்.

"ஆண்களே!" என்றது தெரு. "அடியிலிருந்து நுனிக்கு, பசு மடியைக் கறக்கற மாதிரி, மெதுவா! ரத்தம் பாயட்டும்! அளவு கூடட்டும்!"

டொமினோக் கட்டைகள் மேசையில் அறைபடும் சத்தம் நின்றது. பாஸ்குவாலின் கையும் நின்றது.

ஒளிந்தால் இன்னும் கேவலம் என்று வெளியே வந்தார்.

"மச்சான், பசு எப்படியிருக்கு?" என்றான் செலோ. அவர் ஓட்டும் மினிபஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவன். மரியாதை எல்லாம் பஸ்ஸுக்குள் மட்டும்.

"சிரிச்சு முடிங்கடா. இப்ப நெசமா கேக்கறேன், இது வேலை செய்யுமா?"

திடீரென்று எல்லோருக்கும் தங்கள் கட்டைகளை எண்ண வேண்டியிருந்தது. செலோ தன் சித்தப்பா மகன் கதையை ஆரம்பித்துப் பாதியில் விட்டான். பெனிக்னோ, வேரும் பட்டையும் ஊறிய ரம்மில் ஒரு கிளாஸ் ஊற்றி நகர்த்தினார். "இதக் குடி. கேள்வியே மறந்துடும்."

வீட்டுக்குள் திரும்பியபோது நெரெய்தா தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு நின்றாள். எதிர்வீட்டில் முடி அலங்காரத்துக்குப் போயிருந்தவள். ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தாள்.

"யோவ், அது நீதானே?"

"ம்."

"எட்டு மாசமா அலுப்பா இருக்குன்னு ஆடற நாற்காலியிலயே தூங்கறியே, இது முடியலைன்னுதானா?"

"ம்."

"பஸ் போய் நிக்கற ஊர்ல எவளையோ வச்சிருக்கியோன்னு நெனச்சேன்யா, பாவி!" சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க, காட்டு" என்றாள்.

காட்டினார். வீடியோ ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் என்றது. இவர் மூன்று வாரமாகத் தினமும் நாற்பது நிமிஷம் உழைத்திருந்தார். சீக்கிரம் கரை சேரலாம் என்ற பேராசை. பலன், கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"கடவுளே! நாளைக்கே ஆஸ்பத்திரி."

டாக்டர் யுதெல்கா, பாஸ்குவாலுக்கு மகளாக இருக்கக்கூடிய வயசுக்காரி. பாஸ்குவால் கூரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார். ஒன்றுக்கு எத்தனை தடவை போறீங்க, காப்பியில் எத்தனை கரண்டி சர்க்கரை, நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டறீங்களா, சிகரெட்? கீழே என்னவோ ஆனதற்குக் காப்பியை ஏன் விசாரிக்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. சோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு அனுப்பினாள்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. நெரெய்தாவும் கூடவே வந்து, அவர் முழங்காலில் கையை வைத்து உட்கார்ந்தாள். அந்தக் கை அங்கே வந்து எட்டு மாசமாகிறது.

"டாக்டரம்மா," என்றார் பாஸ்குவால், இந்தத் தடவை நேராகப் பார்த்து. "எல்லாரும் சிரிக்கறாங்க, இல்லன்னா ஊத்திக் குடுக்கறாங்க. நீங்களாவது சுத்தி வளைக்காம சொல்லுங்க. அந்தப் பயிற்சி வேலை செய்யுமா? எனக்குச் சரியாகுமா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இழுத்தா வளராது. அழுத்தி உருவினா ரத்தம் கட்டும், உங்களுக்குக் கட்டின மாதிரி. அத இன்னையோட விட்டுடுங்க, காயம் ஆறிடும். உங்களுக்கு சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருக்கு; கீழ ரத்த ஓட்டம் குறைஞ்சு, எழும்பாம இருக்கறது அதனாலதான். மாத்திரை தரேன், தினமும் நடக்கணும், சிகரெட் கூடாது. மூத்திரத்த அடக்கற தசைய இறுக்கி விடற பயிற்சி ஒண்ணு சொல்லித் தரேன், அதுக்குக் கையே வேணாம். இருபது வயசு திரும்பாது. ஆனா சீக்கிரமே வந்துட்டீங்க, நல்ல முன்னேற்றம் வரும்னுதான் நம்பறேன்."