ஒரு மணிப் பாட்டு

அப்போது கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: பெஞ்சில் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த அன்னத்தாய், அவளுடைய அண்ணனும் ஓய்வுபெற்ற தாசில்தாருமான சிவசண்முகம், அவர் மகன் மகேஷ், மருமகள் பிருந்தா, ஏரலிலிருந்து வந்திருந்த சித்தி மகன் இசக்கிமுருகன், இருபது வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்யும் செல்லக்கிளி, ஓதுவார் தாணுமாலையன். வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்ததே தவிர, ஒருவரும் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னவர்கள் எல்லாரும் பிற்பாடு முளைத்தவர்கள்.

சுண்ணம் இடித்துக்கொண்டிருந்தார்கள். சைவ வீடுகளில் இறந்தவரை எடுப்பதற்கு முன் அது நடந்தாக வேண்டும். உரலில் மஞ்சள் கிடக்கும். ஓதுவார் பதிகம் பாடுவார். அந்தத் தாளத்துக்கு உலக்கை விழும். பிருந்தா சென்னையில் வளர்ந்தவள், உலக்கையை அன்றுதான் கையில் பிடிக்கிறாள். ஆனாலும் நிதானமாகவே இடித்தாள். சிவசண்முகம் குறுக்குத்துறை ஆற்றில் முங்கி, அவளைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவந்த ஈர வேட்டியோடு தங்கையின் தலைமாட்டில் நின்றார். எழுபத்தாறு வயதில் முதுகு வளையாமல் நின்றார். எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. அவர் அன்று வேண்டியது அது ஒன்றைத்தான்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று.

பூட்டியிருந்த அன்னத்தாயின் அறைக்குள்ளிருந்து ஒரு குத்துப்பாட்டு கிளம்பியது.

லேசான சத்தமில்லை. கதவு அதிர்ந்தது. முதலில் தவில் மாதிரி ஏதோ ஒன்று, பிறகு விசில், பிறகு ஒரு பெண்குரல் ஒருவனை ஆட வாடா என்று கூப்பிட்டது. பந்தலில் பேச்சு நின்றது. யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

ஓதுவார் வாயை மூடிவிட்டுச் சிவசண்முகத்தைப் பார்த்தார்.

"நீரு எதுக்குவே நிறுத்துதீரு? பாடும்."

ஓதுவார் தாணுமாலையன் கண்ணை மூடிக்கொண்டு குரலை உயர்த்தினார். அறைக்குள்ளிருந்த பெண்ணும் விடவில்லை. இதற்குள் ஒரு கேவலம் நடந்தது. பிருந்தாவின் உலக்கை ஓதுவாரை விட்டுவிட்டு அந்தக் குத்துக்கு விழ ஆரம்பித்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போய்விட்டது. சிவசண்முகம் அதைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

"ஏம்மா! நீ இடிக்கியா, ஆடுதியா?"

பிருந்தா உலக்கையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி," என்றான் இசக்கிமுருகன். அவனுக்கு அறுபது வயது, நாக்குக்குப் பதினாறு. "அக்காவ வழியனுப்ப ஒரு ஓதுவாரு காணாதுன்னு கச்சேரியும் வச்சிட்டியளோ?"

"வாய மூடுலே."

"நான் மூடுதேன். கதவ மூடி வச்சது நீங்கல்லா?"

அது உண்மை. பூட்டியது சிவசண்முகம்தான். முந்தின நாள் மாலை அன்னத்தாய் முற்றத்தில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த வேட்டிகளின் மேலேயே சாய்ந்துவிட்டாள். ஆள் அனுப்பி டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. காலையில் ஏரலிலிருந்து வந்திறங்கிய இசக்கிமுருகன், இறந்தவளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "அக்கா ரூமுல என்னென்னண்ணே இருக்கு?" என்று கேட்டான். கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்து, ரிடையராகும்வரை பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பெண்ணின் அறையில், கண்டவனும் நுழைந்து துழாவுவதைச் சிவசண்முகம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அந்த நிமிஷமே பூட்டிச் சாவியைத் தன் துண்டின் முனையில் முடிந்துகொண்டார். ஆற்றில் முங்கி எழுந்தபோது அந்த முடிச்சும் நனைந்து இறுகிப்போயிற்று.

இப்போது அதை அவிழ்க்க முடியவில்லை. நகம் வழுக்கியது.

"கத்தரிக்கோல் எடுத்துட்டு வரட்டுமா மாமா?" என்றாள் பிருந்தா.

"ஒண்ணும் வேண்டாம்."

"ஏலே மகேஷு, மெயினப் போய் அணைல," என்றான் இசக்கிமுருகன். "எந்த வீட்டுலடே இந்தக் கூத்து நடக்கும்?"

மகேஷ் ஓடிப்போய் மெயினை அணைத்தான். மின்விசிறி சுற்றி நின்றது. விளக்குகள் போயின. பாட்டு நிற்கவில்லை. மற்ற சத்தம் எல்லாம் அடங்கியதால் இன்னும் தெளிவாகக் கேட்டது.

"கரண்டு போனாலும் பாடும்," என்றாள் செல்லக்கிளி, யாரையும் பார்க்காமல். "உள்ள ஆறு பாட்டரி கெடக்கு. நான்தான் வாங்கிட்டு வந்து கொடுத்தேன்."

"பாட்டரியா! அண்ணாச்சி வீட்டு ஏற்பாடே ஏற்பாடு," என்றான் இசக்கிமுருகன்.

உள்ளே பாடிக்கொண்டிருந்த பெட்டி சிவசண்முகத்துக்குத் தெரியாததில்லை. மகேஷ் வெளிநாட்டு வேலையிலிருந்து பதின்மூன்று வருஷத்துக்கு முன் அத்தைக்கென்று கொண்டுவந்தது. கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி, தலையில் ஒரு சின்ன ஸ்டாண்டு. தீப்பெட்டி அகலத்தில் ஒரு பிளேயரை அந்த ஸ்டாண்டில் உட்காரவைத்தால் அது சார்ஜும் ஏறிக்கொள்ளும், பாடவும் செய்யும். அன்னத்தாய் அதைத் தினமும் துடைப்பாள். அது ஒன்றும் தப்பில்லை. ஆனால் இரண்டு வருஷமாக, பகல் ஒரு மணியானால் இந்தக் கண்றாவிப் பாட்டைப் போட ஆரம்பித்தாள். அவர் பேப்பரைக் கீழே எறிந்துவிட்டு அவள் அறைக்குப் போய்ச் சத்தம் போடுவார். "மானம் மரியாதை உள்ள வீடாளா இது?" அவள் பாட்டை நிறுத்துவாள். மறுநாள் அதே நேரம் அதே பாட்டு.

அக்கம்பக்கத்தில் பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் போட்ட சத்தத்தைப் பற்றித்தான் பேசினார்கள். தாசில்தார் தங்கச்சியை நித்தமும் போட்டு வாட்டுகிறார், சோற்றுக்கு இருக்கிறவள் என்று பாட்டுக்கூடக் கேட்கவிட மாட்டேன் என்கிறார், என்று பேச்சு. அது அவர் காதுக்கும் வந்திருந்தது. இன்றைக்கு, அவள் உடம்பு கூடத்தில் கிடக்கும்போது, நாற்பது பேர் முன்னால் அந்தப் பேச்சுக்குச் சாட்சி சொல்வதுபோல் இது பாடிக்கொண்டிருக்கிறது.

முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். துண்டு கிழிந்து சாவி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். பிருந்தாவின் கையிலிருந்த உலக்கையைப் பிடுங்கிக்கொண்டார்.

"அப்பா!" என்றான் மகேஷ்.

"யாரும் உள்ள வரக்கூடாது."

கதவைத் திறந்து உள்ளே போனார். செல்லக்கிளி மட்டும் பின்னால் போய்க் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

கட்டில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. ஜன்னல் பக்கம் மேசை. மேசைமேல் பெட்டி, பெட்டிமேல் பிளேயர். அதன் சின்னத் திரை பச்சையாக ஒளிர்ந்தது. சிவசண்முகம் உலக்கையை இரண்டு கையாலும் ஓங்கினார்.

"அடிக்கதுன்னா அடிங்க அண்ணாச்சி," என்றாள் செல்லக்கிளி. பாட்டுக்கு மேலே கேட்கும்படி கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அது ஒங்க மாத்திரைப் பாட்டு. அதத் தெரிஞ்சுகிட்டு அடிங்க."

"என்ன பாட்டு?"

"மத்தியான மாத்திரைக்குன்னு வச்ச பாட்டு."

அப்போதுதான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது அவர் கண்ணில் பட்டது. ஏழு மூடி வைத்த பிளாஸ்டிக் மாத்திரை டப்பா. ஒவ்வொரு மூடியிலும் கிழமை, அன்னத்தாயின் கணக்கு டீச்சர் கையெழுத்தில். செவ்வாய்வரை காலி. புதன், வியாழன், வெள்ளி, சனி, நாலிலும் மாத்திரை கிடந்தது. அன்று புதன்கிழமை.

"ரெண்டு வருஷம் முன்ன நீங்க படித்துறையில மயங்கி விழுந்தியள்லா? மத்தியான மாத்திரைய விடவே கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு. அக்கா கூப்பிட்டா நீங்க வருவியளா? ஆளுக இருக்கும்போது கூப்பிட்டா, நான் என்ன சீக்காளியான்னு கேட்டு மூணு நாளு பேச மாட்டிய."

அவர் உலக்கையை இறக்கவில்லை.

"மொதல்ல சாமி பாட்டுதான் வச்சாவ. நீங்க நாற்காலியில தூங்கிட்டிய. பெறவு பழைய பாட்டு ஒண்ணு. நீங்க தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்திய. பெறவு மகேஷ் தம்பி இந்தப் பாட்டக் காமிச்சுச்சு. வச்சதுதான் தாமதம், பேப்பர எறிஞ்சிட்டு வந்துட்டிய. அக்கா சிரிச்ச சிரிப்பு! 'ஏளா செல்லக்கிளி, இதுதாம்ளா'ன்னாவ. நித்தமும் ஒரு மணிக்குத் தானாப் பாடுத மாதிரி தம்பிகிட்டச் சொல்லி வச்சுக்கிட்டாவ."

வந்ததுதான் வந்திய, இதப் போட்டுட்டுப் போங்கண்ணே. தினமும் அன்னத்தாய் அதைத்தான் சொன்னாள். ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர் டம்ளர். சத்தம் போட்டு வாய் உலர்ந்திருக்கும். அவர் வாங்கி விழுங்கிவிட்டு, டம்ளரை டங்கென்று வைத்துவிட்டுப் போவார். எழுநூறு நாள். அவர் இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

"என்னைய ஏமாத்தியிருக்கா," என்றார்.

"ஆமா."

"நான் வராம இருந்திருந்தா?"

"வராத நாளே கெடையாதே. பாட்டுல மூணாவது அடிக்குள்ள வந்துருவிய. அக்கா விரல மடக்கி எண்ணுவாவ. ஒருநா நாலாவது அடி ஆயிட்டு, என்னமோ ஏதோன்னு எந்திரிச்சு ஓடியாந்தாவ. நீங்க செருப்பத் தேடிக்கிட்டு இருந்திய."

"தெருவே என்னையப் பேசுச்சு. தங்கச்சிய வாட்டுதான், சோத்துக்கு வச்சிருக்கான்னு. அது அவளுக்குத் தெரியும்லா? தெரிஞ்சும்..." குரல் உயர்ந்தது. வெளியே கேட்டிருக்கும். "எங்கப்பா பேரு, இந்த வீட்டுப் பேரு, எல்லாத்தையும் ஒரு மாத்திரைக்கு வித்திருக்கா!"

"தெரியும். நான் அக்காகிட்டச் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"பேசட்டும்ளான்னாவ."

பாட்டு முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. அதே தவில். அதே விசில். அவர் உலக்கையைச் சுவரில் சாய்த்துவைத்தார். பெட்டியின் பொத்தான்களைப் பார்த்தார். எதை அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவர் கேட்கவும் இல்லை.

"ஸ்டாண்டுலேந்து அதத் தூக்குனாப் போதும் அண்ணாச்சி. பைய."

தூக்கினார். பாதி வார்த்தையில் பாட்டு நின்றது. உள்ளங்கையில் பிளேயர் சூடாக இருந்தது.

வாசல் பந்தலில் யாரோ, "உடைச்சுட்டாருடே," என்றார்கள்.

புதன்கிழமை மூடியைத் திறந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். டம்ளர் மேசைமேல் கவிழ்ந்திருந்தது. செல்லக்கிளி தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வெறும் வாயிலேயே விழுங்கினார். அது தொண்டையில் நின்று, பிறகு இறங்கியது. பிளேயரை அதன் ஸ்டாண்டில் பழையபடி உட்காரவைத்தார். உலக்கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அறையைப் பூட்டினார்.

கூடத்துக்குத் திரும்பியவரை இசக்கிமுருகன் எதிர்கொண்டான். "என்ன அண்ணாச்சி, அடிச்சு நொறுக்கியாச்சா? அக்கா உசிரோட இருக்கும்போது கேக்கவிடல. இப்பம் அவ பொட்டியையும் விட்டு வைக்கலியாக்கும்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவைத் திறந்து மாத்திரை டப்பாவைக் காட்டினால் போதும். இரண்டு வருஷப் பேச்சு அந்த நிமிஷமே அடங்கிவிடும். செல்லக்கிளி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகேஷும் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"மகேஷ்," என்றார் சிவசண்முகம். "மெயினப் போடு. நீ ஒண்ணும் பேசாத."

இசக்கிமுருகன் பக்கம் திரும்பினார். "ஏலே இசக்கி. என் தங்கச்சி இந்த வீட்டுல என்ன பாட்டுக் கேட்டா, ஏன் கேட்டான்னு ஒனக்கு நான் சொல்லணும்னு இல்ல. இருக்கியா, கூடமாட நின்னு தோள் கொடு. முடியாதா, ஏரலுக்கு ரெண்டரைக்கு பஸ் இருக்கு."

இசக்கிமுருகன் அவர் கையிலிருந்த உலக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டான். போகவில்லை, பந்தலுக்குப் போய் உட்கார்ந்தான். அங்கே அவனுக்குக் கேட்க ஆள் இருந்தது.

சிவசண்முகம் உலக்கையை மருமகளிடம் நீட்டினார். "இடிம்மா."

"மாமா, மறுபடியும் கை தப்பாப் போச்சுன்னா..."

"போனாப் போட்டும். ஓதுவாரே, மொதல்லேந்து பாடும்."

அன்னத்தாயை மூன்று மணிக்கு எடுத்தார்கள். மகேஷ் கொள்ளி வைத்தான். எல்லாம் முறைப்படி நடந்தது.

தங்கை பிணமாகக் கிடக்கையில் தாசில்தார் அவளுடைய பாட்டுப் பெட்டியை உலக்கையால் அடித்து உடைத்தார் என்று இன்றுவரை ஏரலில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். பெட்டி அதே மேசையில் இருக்கிறது. சென்ற மாதம் பாட்டரி மாற்றியிருக்கிறது. பகல் ஒரு மணிக்கு அந்த வீட்டிலிருந்து குத்துப்பாட்டு கேட்கிறது என்பது உண்மை. புத்தி பேதலித்துப்போய் இல்லாத தங்கையோடு இன்னும் சண்டை போடுகிறார் என்பது பொய். அவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. மூன்றாவது அடியிலேயே பாட்டு நின்றுவிடுகிறது.