கடைசி நாற்காலியும் ‘ஐ ஹேவ் ஃபினிஷ்ட்’டும்

அந்தக் குழாய்க்காரருக்குத் தெருவே வைத்த பெயர் ‘இதோ’. எப்போது போன் போட்டாலும் “இதோ வந்துட்டேன்” என்பார், பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். மனிதர் குளித்துக்கொண்டிருப்பார். “கிளம்பிட்டேன்” என்றால் இன்னும் படுக்கையை விட்டே எழவில்லை என்று அர்த்தம். ஏனய்யா பொய் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டால் போதும், ரோஷம் பொத்துக்கொண்டு வரும். “மனசால கிளம்பியாச்சுல்ல? உடம்பு பின்னாலயே வந்துடும்” என்பார். இப்பேர்ப்பட்ட மகராசனைக் கட்டிக்கொண்டு ஒருத்தி குடித்தனம் நடத்துகிறாள் பாருங்கள், அவளைச் சொல்லவேண்டும்.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்காரி. டாக்டரம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் ஆள். பக்கத்துத் தெருவில் புதுக் கிளை தயாராகிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை திறப்பு. “ஒழுங்காகத் திறந்துவிட்டால் கிளைக்கு நீதான் பொறுப்பு” என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வருஷக்கணக்காக ஊர்ப் பல்வலியெல்லாம் அவள்மேல் எரிந்து விழுந்திருக்கிறது. இனியாவது தனக்கென்று ஒரு அறை, ஒரு கதவு, அந்தக் கதவுக்கு ஒரு சாவி என்று ஆசைப்பட்டாள்.

இந்த நேரம் பார்த்து, பல் பார்க்கிற நாற்காலிகளுக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டிய ஆள் வராமல் கழுத்தறுத்தான். இவள் வாய் சும்மா இருந்ததா? “என் வீட்டுக்காரர் செய்வார் மேடம். நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டாள். டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வேலை செய்கிறவரே அவ்வப்போது தனக்குப் போனில் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில்.

அன்று சாயங்காலமே சமையலறையில் பாடம் ஆரம்பமானது. அவள் வெங்காயம் அரிந்துகொண்டே சொல்லிக்கொடுத்தாள்.

“நல்லா கேட்டுக்கோங்க. ‘ஐ ஹேவ் ஈட்டன்’னா சாப்ட்டு முடிச்சு, கையும் கழுவியாச்சு, இனிமே எனக்குத் தட்டு வைக்காதேன்னு அர்த்தம். ‘ஹேவ்’ போட்டுட்டா அந்த வேலை முடிஞ்சிருக்கணும்.”

“நாமளும் அப்படித்தானே சொல்றோம்? சாப்ட்டாச்சு, வந்தாச்சு, முடிச்சாச்சு.”

“நாம சொல்றது வேற. நீங்க சொல்றது அதைவிட வேற.”

“சரி, விடு. வேற என்ன இருக்கு?”

“‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்.’ அப்பலேருந்து காத்துக்கிட்டிருக்கேன், இன்னும் காத்துக்கிட்டேதான் இருக்கேன்.” இந்த உதாரணத்தை அவள் தேட வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அதுதானே பிழைப்பு. “‘ஐ ஹேட் டோல்ட் யூ’ன்னா, இதெல்லாம் நடக்கறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருந்தேன்னு அர்த்தம்.”

“அது உனக்கு நல்லா உபயோகப்படும். எனக்கு ஏதாவது சொல்லு.”

அவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். “‘ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் பை ஃபோர்.’ நாலு மணிக்கெல்லாம் முடிச்சிருப்பேன்.”

குழாய்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார். “இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, ஆனா முடிச்சாச்சு! அடேயப்பா, என்னை மாதிரி ஒருத்தன்தான் இதைக் கண்டுபிடிச்சிருக்கணும்!”

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தபோது குழாய்க்காரர் துண்டோடு நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நுரையைத் துப்பிவிட்டு, “ஐ ஹேவ் ஸ்டார்ட்டட், மேடம்” என்றார். பேருந்தில் உட்கார்ந்ததும் “ஐ ஹேவ் ரீச்ட்” என்றார். பக்கத்தில் இருந்த மனைவி தொடையில் கிள்ளினாள், பிரயோசனமில்லை. டாக்டரம்மாவோ அந்த நிமிஷம் கிளை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“எங்கே? காணோமே?” என்றார் அவர் ஆங்கிலத்தில்.

“ஐ ஹேவ் பீன் ஸ்டாண்டிங் அட் தி பேக்.”

அந்தம்மா கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய்த் தேடினார். அங்கே ஒரு பூனைதான் இருந்தது. இவர் போய்ச் சேர்ந்து நேராகப் பின்பக்கம் ஓடியபோது அந்தம்மா முன்பக்கம் வந்திருந்தார். இவர் முன்னால் வர, அவர் பின்னால் போக, இரண்டு சுற்று கண்ணாமூச்சி ஆட்டம் நடந்தபிறகு மூலையில் முட்டிக்கொண்டார்கள். “நீ நிற்கவே இல்லையே!” என்றார் டாக்டரம்மா. உண்மைதான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், கை வேலையில் ‘இதோ’வை அடித்துக்கொள்ள ஆளில்லை. குழாயை அளந்தார், வெட்டினார், நாற்காலிக்கு நாற்காலி தவழ்ந்து போனார். மனைவிக்கு மெல்ல மெல்ல மூச்சு வந்தது. கடைசி நாற்காலிக்கு அடியில் அவர் மல்லாந்து படுத்திருந்தபோது பின்பக்கத்துத் தண்ணீர் வால்வருகிலிருந்து டாக்டரம்மாவின் போன் வந்தது. முடிந்ததா என்று கேட்டார். ஒரே ஒரு இணைப்புதான் பாக்கி. திறந்த குழாய் முகத்துக்கு நேரே இருந்தது, முறுக்குகிற சாவி கையில் இருந்தது. இவரைப் பொறுத்தவரை இதற்குப் பெயர் முடிந்த வேலை.

“ஐ ஹேவ் ஃபினிஷ்ட், மேடம்.”

“ஐயோ, இல்ல!” என்று மனைவி கத்துவதற்குள் அந்தம்மா பிரதான வால்வை முழுசாகத் திறந்துவிட்டார்.

தண்ணீர் பீறிட்டு அடித்தது. கையிலிருந்த சாவி எகிறி அவருடைய முன்பல்லிலேயே விழுந்தது. நாற்காலி நனைந்தது, சுவர் நனைந்தது, என்ன ஆயிற்று என்று ஓடி வந்த டாக்டரம்மா தலையிலிருந்து கால்வரை நனைந்தார். மனைவி வழுக்கி வழுக்கி ஓடி வால்வை மூடிவிட்டு வந்தாள். அப்போது அந்தம்மா அவளைத்தான் பார்த்தார்.

“நீ பொறுப்பு என்றாயே? செய்யாததைச் செய்துவிட்டேன் என்று சொல்கிற ஆளை அழைத்து வந்தவளிடம் கிளையை நான் எப்படி நம்பிக் கொடுப்பேன்?”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷக் காத்திருப்பும் ஒரு வாய்ச்சொல்லில் சாக்கடையில் போய்விட்டதே என்று நெஞ்சு எரிந்தது. புருஷனைத் திட்டக்கூட வாய் எழவில்லை. அதுதான் அவரைச் சுட்டிருக்க வேண்டும். வாயில் ரத்தத்தோடு மறுபடி நாற்காலிக்கு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே, “நவ் ஃபினிஷ்ட். ட்ரூ” என்றார். ஹேவும் இல்லை, ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா நம்பவில்லை. “ஓடுகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். உன் பல் உடைந்திருக்கிறது. ஏறிப் படு” என்றார்.

மனைவி போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தாள். டாக்டரம்மா ஊசி போட்டார். இயந்திரம் ‘கிர்ர்’ என்றது. தண்ணீர் அழகாக, அளவாக வந்தது, ஒரு சொட்டுக் கசிவு இல்லை. குழாய்க்காரர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்கக் கால்களை உதறினார்.

“ரிலாக்ஸ். ஐ ஹேவ் ஃபினிஷ்ட்” என்றார் டாக்டரம்மா.

அப்பாடா என்று அவர் கால்கள் ஓய்ந்தன. உடனே மறுபடியும் ‘கிர்ர்’.

“ஃபினிஷ்ட், ஃபினிஷ்ட். இட்ஸ் ஓவர்.” இந்த முறை இன்னும் நீளமான ‘கிர்ர்ர்’.

வாயைத் திறந்துவைத்திருந்ததால் அவரால் நியாயம் கேட்க முடியவில்லை. மனைவிதான் மெதுவாகக் கேட்டாள். “முடிஞ்சிடுச்சா, மேடம்?” என்பதை ஆங்கிலத்தில்.

“இல்லை, இன்னும் பாதி இருக்கிறது. ஆனால் முடிந்துவிட்டது என்று சொன்னால்தான் ஆள் பயப்படாமல்...”

டாக்டரம்மா நிறுத்தினார். இயந்திரமும் நின்றது. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த முகம் காதுவரை சிவந்தது. நனைந்த கூந்தலிலிருந்து ஒரு சொட்டு குழாய்க்காரரின் நெற்றியில் விழுந்தது. முதலில் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. படுத்திருந்தவர் மட்டும் ‘ஆ ஆ’ என்று சிரித்தார், வேறு வழியில்லை.

பல்லை ஒட்டி, பஞ்சு வைத்து, உண்மையாகவே முடித்தபிறகு டாக்டரம்மா சட்டைப் பையிலிருந்து கிளையின் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். “நாளைக் காலை நீதான் திறக்கிறாய்” என்றார். அவள் அதை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்கு வரவேண்டிய நோயாளிகள் எல்லாரிடமும் பேசிவிட்டாயா?” என்று கேட்டார் டாக்டரம்மா, கைகளைத் துடைத்துக்கொண்டே.

காலையிலிருந்து இந்த மனிதரைக் காவல் காத்ததில் அவள் ஒருவரிடம்கூடப் பேசியிருக்கவில்லை.

“எஸ், மேடம்! ஐ ஹேவ் கால்ட் எவ்ரிபடி!” என்றாள் பளிச்சென்று. சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு ஓடினாள். நாற்காலியிலிருந்து குழாய்க்காரர் பஞ்சு நிறைந்த வாயோடு தலையைத் தூக்கி, ஓடுகிறவளைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.